முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம்: அரசுக்கு என்ன செலவு, வீட்டுக்கு என்ன செலவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலவச மருத்துவக் காப்பீடு பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். "கஜானாவே காலியாகிவிடும்" என்பது ஒன்று. "ஐந்து லட்சம் கொடுக்கிறார்களே, இனி என்ன கவலை?" என்பது இன்னொன்று. இரண்டுமே கணக்குப் பார்க்காமல் சொல்வது. தமிழ்நாட்டுத் திட்டத்தை முன்னிறுத்தி, அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

இந்தத் திட்டம் எப்போது தொடங்கியது?

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய். ஆட்சி மாறியதும் அது நின்று, 2012 ஜனவரி 11 முதல் 'முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்' நடைமுறைக்கு வந்தது. அப்போது ஆண்டுக்கே ஒரு லட்சம், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு ஒன்றரை லட்சம். 2018 செப்டம்பர் 23 அன்று மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்ததும் தொகை ஐந்து லட்சமாக உயர்ந்தது. பெயரும் படமும் மாறினாலும் அடிப்படை அமைப்பு மாறவில்லை: அரசு பிரீமியம் கட்டும், காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும், நோயாளி கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு அரசு எவ்வளவு செலவழிக்கிறது?

2022 ஜனவரியில் பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியாவுடன் ஐந்தாண்டுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதுவரை 699 ரூபாயாக இருந்த பிரீமியம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் ஆனது. அப்போது திட்டத்தில் இருந்தவை சுமார் 1.37 கோடி குடும்பங்கள். பெருக்கினால் ஏறத்தாழ 1,160 கோடி வரும். 2022-23 நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 17,901 கோடி. அதாவது துறைக்குப் போகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் காப்பீட்டுக்குச் செல்வது ஆறரை ரூபாய்தான். மீதி சம்பளம், கட்டடம், மருந்து, மருத்துவக் கல்லூரிகள், தேசிய சுகாதாரக் குழுமப் பணிகள் எனப் பிரியும். கஜானாவைக் காப்பீடு கரைக்கிறது என்ற வாதம் இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது.

அந்தத் தொகையிலும் ஒரு பகுதி தில்லியிலிருந்து வருகிறது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி தகுதி பெற்ற குடும்பங்களுக்கு மட்டும், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, பிரீமியத்தில் 60 விழுக்காட்டை மத்திய அரசு தரும். மாநிலம் தன் வருமான வரம்பை வைத்துச் சேர்த்துக்கொண்ட மற்ற குடும்பங்களின் முழுச் செலவும் மாநிலத்துடையது.

849 ரூபாய்க்கு ஐந்து லட்சம் எப்படிக் கட்டுப்படியாகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி அரசியல் பேச்சு தெளிந்துவிடும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ் விலை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது. குடல்வால் அறுவைக்கு இவ்வளவு, இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்க இவ்வளவு என்று. மருத்துவமனை விருப்பப்படி பில் போட முடியாது. பெரும்பாலான பேக்கேஜ்கள் ஒரு லட்சத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ஒரு குடும்பம் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று பெரிய சிகிச்சைக்குப் போனால்தான் வரம்பு என்ற பேச்சே வரும். அது அபூர்வம்.

ஆகவே வரம்பை ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சமாக்கினால் அரசின் செலவு ஐந்து மடங்காகாது, கொஞ்சம்தான் கூடும். மேடையில் "பத்து லட்சம் தருவோம்" என்று சொல்வது மலிவான வாக்குறுதி. பேக்கேஜ் விலையை உயர்த்துவதும், பட்டியலில் புதிய சிகிச்சைகளைச் சேர்ப்பதும்தான் உண்மையில் காசு பிடிக்கும் வேலை. அவற்றைப் பற்றி யாரும் சுவரொட்டி ஒட்டுவதில்லை.

காப்பீட்டு நிறுவனம் நடுவில் எதற்கு? அரசே நேரடியாகக் கொடுக்கலாமே?

கொடுக்கலாம். கேரளம் 2020 ஜூலையில் காப்பீட்டு நிறுவனத்தை விலக்கிவிட்டு, மாநில சுகாதார முகமை வழியாக நேரடியாகப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியது. ஒருங்கிணைந்த ஆந்திரத்தில் 2007-ல் தொடங்கிய ஆரோக்யஸ்ரீ மருத்துவத் திட்டமும், அரசு அமைத்த அறக்கட்டளையே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் முறையில்தான் நிலைபெற்றது. இன்று நாட்டில் பெரும்பாலான மாநிலங்கள் அறக்கட்டளை முறையில்தான் இருக்கின்றன. தமிழ்நாடு காப்பீட்டு முறையை விடவில்லை.

நேரடி முறையில் நிறுவனத்தின் நிர்வாகச் செலவும் லாபமும் மிச்சம். ஆனால் ஓர் ஆண்டில் மருத்துவமனைகள் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கைகள் (கிளெய்ம்) எதிர்பாராமல் எகிறினால் அடி முழுவதும் அரசின் தலையில். நிதித்துறை கையைக் கட்டினால் மருத்துவமனைகளுக்குப் பாக்கி சேரும். பாக்கி சேர்ந்தால் அவை நோயாளியைச் சேர்க்கத் தயங்கும். கோரிக்கைகளை 15 நாளில் தீர்க்க வேண்டும் என்பது ஆயுஷ்மான் பாரத் விதி. அப்படியிருந்தும் 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் தனியார் மருத்துவமனைகள் பாக்கியைக் காட்டி ஆயுஷ்மான் சேவையை நிறுத்துவதாக அறிவித்தன. காப்பீட்டு முறையில் பிரீமியத்தை முன்கூட்டியே கட்டிவிடுவதால் அரசின் செலவு ஆண்டுத் தொடக்கத்திலேயே தெரியும். மறுபுறம், கோரிக்கையை நிராகரித்தால் நிறுவனத்துக்கு லாபம் என்ற இழுப்பு எப்போதும் இருக்கும். எந்த முறை என்பதைவிடப் பணம் எத்தனை நாளில் மருத்துவமனைக்குப் போய்ச் சேருகிறது என்பதே முக்கியம்.

அந்த ஆயிரம் கோடியை அரசு மருத்துவமனைகளுக்கே கொடுத்துவிட்டால் என்ன?

இந்த விவாதத்தின் மையக் கேள்வி இதுதான். பதில் கொஞ்சம் சிக்கலானது. காப்பீட்டுப் பணம் முழுக்கத் தனியாருக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. அரசு மருத்துவமனைகளும் இதே திட்டத்தில் கோரிக்கை வைத்துப் பணம் பெறுகின்றன. சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. வந்த பணத்தில் கருவிகள் வாங்கலாம், பழுது பார்க்கலாம், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்கலாம். கல்லீரல் மாற்று, காது உட்பொருத்தி போன்ற அதிகச் செலவுள்ள சிகிச்சைகளுக்குத் தனி நிதித் தொகுப்பு உண்டு.

டெண்டர், ஒப்புதல், கோப்பு என்று மாதக்கணக்கில் காத்திருக்காமல் ஒரு மருத்துவக் கல்லூரி டீன் கையில் செலவழிக்கக் காசு இருப்பது சாதாரண விஷயமல்ல. அந்த அளவுக்கு இது நல்ல சீர்திருத்தம்.

பக்கவிளைவும் உண்டு. எல்லாமே இலவசம் என்று இருந்த இடத்தில் "கார்டு இருக்கா?" என்ற கேள்வி முதலில் வந்துவிட்டது. கார்டு இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம்தான், மறுக்க முடியாது. ஆனாலும் கார்டு எடுத்து வரச் சொல்லி, நோயாளியோடு துணைக்கு வந்தவரை ஆட்சியர் அலுவலகத்துக்கு அனுப்பும் வழக்கம் இருக்கிறது. கோரிக்கைப் படிவம் நிரப்புவதிலும், ஸ்கேன் படத்தைப் பதிவேற்றுவதிலும் பயிற்சி மருத்துவர்களின் நேரம் போகிறது. இந்த நேரத்தை எந்த நிதிநிலை அறிக்கையும் செலவாகக் காட்டாது.

கார்டு எடுப்பது எப்படி?

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முதலில் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். சான்று வந்ததும் அதோடு குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். அங்கே படமும் கைரேகையும் எடுப்பார்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு கிடையாது. அரசு ஊழியர்களுக்கு இது பொருந்தாது. சம்பளத்தில் பிடித்தம் செய்யும் தனித் திட்டம் அவர்களுக்கு இருக்கிறது.

பெரும்பாலும் சிக்கல் வருவது பெயரில். குடும்ப அட்டையில் 'முருகேசன்', ஆதாரில் 'எம். முருகேஷ்' என்றிருந்தால் ஒப்புதல் தள்ளிப்போகும். திருமணமாகி வந்த பெண்ணின் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருப்பது இன்னொரு சிக்கல். நோய் வந்த பிறகு இதைத் திருத்த ஓடுவதைவிட இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

கார்டைக் காட்டியும் தனியார் மருத்துவமனையில் ஏன் பணம் கேட்கிறார்கள்?

நான்கு காரணங்கள் உண்டு. முதலாவது, ப்ரீ-ஆத் எனப்படும் முன் அனுமதி வரும்வரை செய்த பரிசோதனைகள். அனுமதி வந்து நீங்கள் உள்நோயாளியாகச் சேர்ந்துவிட்டால் அவை பேக்கேஜில் அடங்க வேண்டும். ஆயுஷ்மான் விதிப்படி சேர்வதற்கு முந்தைய 3 நாள் செலவும், வீடு திரும்பிய பின் 15 நாள் மருந்தும் பேக்கேஜைச் சேர்ந்தவை. பரிசோதனை செய்துவிட்டு "ஆபரேஷன் தேவையில்லை" என்று அனுப்பினால்தான் அந்தப் பணம் பெரும்பாலும் உங்கள் கையை விட்டுப் போகும்.

இரண்டாவது, தனி அறை. பேக்கேஜ் பொது வார்டுக்குத்தான். மூன்றாவது, "இன்சூரன்ஸில் வருவது சாதா ஐட்டம், நல்லது போட்டுக்கணும்னா மேல 40 ஆயிரம் ஆகும்" என்ற பேச்சு. எலும்பில் வைக்கும் தகடு, கண் லென்ஸ், ஸ்டென்ட் எதற்கும் இப்படிச் சொல்வார்கள். நான்காவது நேரடியான முறைகேடு: பில் இல்லாமல் வாங்குவது.

செய்ய வேண்டியது இதுதான். பணம் கேட்டால் எதற்கு என்று எழுதி ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் பாதிக் கோரிக்கைகள் மறைந்துவிடும். முன் அனுமதி எந்தத் தொகைக்கு, எந்தச் சிகிச்சைக்கு வந்தது என்று மருத்துவமனையின் காப்பீட்டு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில், வீடு திரும்புவதற்கு முன்பே புகார் செய்யுங்கள். வீட்டுக்குப் போன பிறகு நிரூபிப்பது கடினம். அதற்கும் தீர்வு வராவிட்டால், மாவட்ட ஆட்சியர் தலைமையில் குறைதீர் குழு இருக்கிறது. மனுவோடு கார்டு நகல், ரசீது, டிஸ்சார்ஜ் சுருக்கம் மூன்றையும் இணைக்க வேண்டும்.

மருத்துவமனைகள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பேக்கேஜ் விலை பல ஆண்டுகள் அப்படியே நிற்கும்போது ஊழியர் சம்பளமும் மின்கட்டணமும் நிற்பதில்லை. விலையைக் கசக்கிப் பிடித்தால் அந்தச் செலவு மறைவதில்லை, நோயாளியின் பைக்கு மாறுகிறது.

காப்பீடு இருந்தும் குடும்பங்கள் ஏன் கடனில் விழுகின்றன?

காப்பீடு படுக்கையில் சேர்ந்தவர்களுக்கு. பெரும்பாலான மருத்துவச் செலவோ படுக்கைக்கு வெளியே நடக்கிறது: சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, ஓ.பி. கட்டணம், ஸ்கேன், பல். மாதம் 1,500 ரூபாய் மருந்துக் கடையில் கொடுக்கும் குடும்பம் ஆண்டுக்கு 18,000 ரூபாய் செலவழிக்கிறது. அதில் ஒரு காசும் காப்பீட்டுக் கணக்கில் வராது.

2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, பிரசவம் நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் குடும்பத்துக்கு ஆன சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். இலவசம் என்று சொல்லும் இடத்தில் நாலாயிரம் ஏன் என்று கேட்கலாம். வெளியே எழுதிக்கொடுத்த மருந்து, வெளியே எடுத்த ஸ்கேன் போன்றவை சேர்ந்து வருவது அது. துணைக்கு இருந்தவர் இழந்த கூலி இதில் சேரவே இல்லை. சிவகங்கையிலிருந்து மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்து பத்து நாள் வராந்தாவில் படுக்கும் மகனுக்குப் பத்து நாள் சம்பளம் போய்விடும்.

நாட்டளவில், மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போகும் பங்கு 2013-14-ல் 64.2 விழுக்காடு, 2021-22-ல் 39.4 விழுக்காடு என்று தேசிய சுகாதாரக் கணக்குகள் சொல்கின்றன. இறக்கம் பெரிதுதான். ஆனால் பிந்தைய ஆண்டு கொரோனாவுக்காக அரசுகள் கூடுதலாகச் செலவழித்த காலம். குடும்பச் செலவுக்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டதும் பழைய ஆய்வு. எனவே இந்த எண்ணை வைத்து வெற்றி விழா கொண்டாட அவசரப்பட வேண்டாம். அதே 2021-22-ல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து செலவிட்டது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2025-க்குள் 2.5 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது 2017 தேசிய சுகாதாரக் கொள்கை வைத்த இலக்கு.

அப்படியானால் மாத்திரைச் செலவைக் குறைப்பது எப்படி?

தமிழ்நாடு இதில் காப்பீட்டுக்கு வெகுகாலம் முன்பே ஒரு வழி கண்டது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு, வணிகப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில் மருந்து வாங்குகிறது. சரக்கு மாவட்டக் கிடங்குக்கு வந்ததும் தனியே வைக்கப்படும். ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்துக் குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கி போல ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் எந்த மருந்து எவ்வளவு என்பதை அந்த மருத்துவமனையே முடிவு செய்து எடுத்துக்கொள்ளும். மாத்திரை அட்டையில் 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல மாநிலங்கள் இந்த முறையைப் பின்பற்றின.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. அதன் தேவையை 2020-ல் மாநிலத்தில் நடந்த ஆய்வு காட்டியது: உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 விழுக்காட்டினருக்குத்தான். சர்க்கரையில் 10.8 விழுக்காடு. கட்டுக்குள் இல்லாதவர்கள்தான் பின்னாளில் ஸ்டென்ட்டுக்கும் டயாலிசிஸுக்கும் காப்பீட்டு வரிசையில் வந்து நிற்பவர்கள். சில ரூபாய் மாத்திரையில் தடுக்க வேண்டியதை லட்சக் கணக்கில் சரிசெய்யும் ஏற்பாடுதான் காப்பீடு. கூடுதலாக நூறு கோடி கிடைத்தால் அதைக் காப்பீட்டு வரம்பில் போடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்கும் செவிலியருக்கும் தட்டுப்பாடு இல்லாமல் இருக்கச் செலவழிப்பதே சரி என்பது எங்கள் கருத்து.

அரசுக்குச் செலவே இல்லாத சீர்திருத்தம் ஏதாவது உண்டா?

உண்டு, விலைக் கட்டுப்பாடு. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டின் உச்சவிலை 29,600 ரூபாய் என்று மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் நிர்ணயித்தது. அதற்கு முன் லட்சத்துக்கும் மேல் பில் போட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூட்டு மாற்று உபகரணங்களுக்கும் உச்சவிலை வந்தது. மருத்துவமனைகள் அறை வாடகையிலும் மருத்துவர் கட்டணத்திலும் ஒரு பங்கைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம் என்பது இதிலுள்ள ஓட்டை.

தேவையில்லாத ஆபரேஷன் செய்கிறார்கள் என்பது உண்மையா?

நடந்திருக்கிறது. பழைய தேசியக் காப்பீட்டுத் திட்டத்தின் காலத்தில் பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் இளம் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பையை அகற்றிய புகார்கள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2023 ஏப்ரலில் நீதிமன்றம், இதற்கான வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. செய்தால் காசு, செய்யாவிட்டால் இல்லை என்ற ஏற்பாடு இருக்கும் இடமெல்லாம் இந்த ஆபத்து இருக்கும். உடலே விலையாகும் இந்தச் செலவை ரூபாயில் எழுத முடியாது. உங்களுக்கு ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னால், அவசரநிலை அல்லாதபோது, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேளுங்கள்.

போலிப் பதிவுகள்?

2023-ல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை ஆயுஷ்மான் பதிவேட்டை அலசியது. நாடு முழுக்க ஏழரை லட்சம் பேர் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் வெறும் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். இதெல்லாம் திருட்டு என்று சொல்லிவிட முடியாது. கைபேசி இல்லாதவருக்கு ஊழியர் ஏதோ ஓர் எண்ணைத் தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் பதிவு சரியில்லாவிட்டால் திருட்டைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

வருமானம் கொஞ்சம் கூடினால் கார்டு போய்விடுமா?

விதிப்படி, ஆம். 1,20,000 என்றால் மாதம் பத்தாயிரம். நாளுக்கு 800 ரூபாய் கூலியில் மாதம் இருபது நாள் வேலை செய்யும் கொத்தனாரே அதைத் தாண்டிவிடுவார். 72,000 ஆக இருந்த வரம்பை உயர்த்திய பிறகும் இந்த நிலை. அதனால் நிஜ வருமானத்தை மறைத்துச் சான்று வாங்குவது ஊரறிந்த நடைமுறையாகிவிட்டது. ஒழுங்காகச் சொன்னவர்தான் வெளியே நிற்கிறார். இப்படி ஏழையும் இல்லாமல், சொந்தக் காப்பீடும் வாங்க முடியாமல் நடுவில் நிற்பவர்கள் மக்கள்தொகையில் 30 விழுக்காடு என்று நிதி ஆயோக் 2021-ல் மதிப்பிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது அவர்களுக்குச் சிறு ஆறுதல், அவ்வளவே.

சீர்திருத்தத்தின் செலவை ஊழியர்கள் சுமக்கிறார்களா?

பெருமளவு. 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகச் செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். தொடக்க ஊதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற எதிர்பார்ப்பு பலருக்கு நிறைவேறாமலே ஆண்டுகள் ஓடின. திட்டங்கள் மலிவாகத் தெரிவதற்கு இந்த ஊதியமும் ஒரு காரணம். நிரந்தர ஊதியம் போட்டுக் கணக்கிட்டால் எண்கள் வேறாக இருக்கும்.

விபத்தில் சிக்கியவருக்குக் கார்டு வேண்டுமா?

வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்தவர், எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. 108-ஐ அழைத்துத் திட்டத்தில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னால் போதும்.

2027-ல் ஒப்பந்தம் முடிகிறதே, எதைக் கவனிக்க வேண்டும்?

ஐந்து லட்சம் எட்டு லட்சமாகிறதா என்பதை விட்டுவிடுங்கள். புதிய ஒப்பந்தத்தில் பேக்கேஜ் விலைகளை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திருத்துவார்கள், வெளிநோயாளி மருந்துக்கு இடம் உண்டா, நிராகரித்த கோரிக்கைகளின் எண்ணிக்கையை மருத்துவமனை வாரியாக வெளியிடுவார்களா, கோரிக்கை குறைந்தால் மிச்சப் பிரீமியத்தை நிறுவனம் திருப்பித் தர வேண்டுமா என்று பாருங்கள். டெண்டர் ஆவணம் அரசின் இணையதளத்தில் வெளியாகும். அதில் முதலில் புரட்ட வேண்டியது பிரீமியத் தொகை இருக்கும் பக்கத்தை அல்ல, நிராகரிப்புக் காரணங்கள் பட்டியலிட்ட இணைப்பைத்தான்.